பழைய மோட்டார் வண்டிகளை இல்லத்திற் பேணும் முறை

உலகிற் பொருள்கள் உழைப்பினாற் கெடுவதும் உண்டு. உழையாமையாற் கெடுவதும் உண்டு. ஏர்க்கொழு உழுதால் தேயும். உழாது மூலையிற் கிடந்தால் துருவேறும். மோட்டார் வண்டிக்கும் இந்நியதியே பொருந்தும். ஆயினும், கடலோரத்தில் வாழும் நமக்கு இவ்விரண்டனுள் பின்னதே பெருங்கேடு. ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் கொட்டகைகளிலும் தெருவோரங்களிலும் நிற்கும் பழைய கார்களையும் லாரிகளையும் ஊன்றி நோக்குவோர்க்கு, ஓடித் தேய்ந்தது சிறிது, நின்று துருவேறியது பெரிது என்பது இனிது விளங்கும். அத்தகைய வண்டியை இல்லத்திலேயே பேணுவது எங்ஙனம், அதில் நாமே செய்யத்தக்கது எது, தேர்ந்த மிஸ்திரியிடம் விடத்தக்கது எது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இவ்வட்டாரமும் மோட்டாரும்

இவ்வாராய்ச்சிக்கு நம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. 1904 முதல் 1919 வரை சென்னைத் துறைமுகத்தின் தலைவராயிருந்து அதற்குப் புத்துருவம் கொடுத்தவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங். சென்னையிற் பதிவான எம்.சி. 1 என்னும் முதல் எண்ணுடைய கார் அவருடையதே என்று இந்நகரின் வரலாறு எழுதியோர் கூறுவர். 1948-ல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் கம்பெனியார், 1949 முதல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ 40 கார்களைப் பூட்டி விற்றனர். பின்னர் லேலண்ட் லாரிகளும் அங்கு உருவாயின. 1955-ல் அக்கம்பெனி அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிற்று. அதே ஆண்டில் தோன்றிய என்பீல்டு இந்தியா கம்பெனியின் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் திருவொற்றியூரிலிருந்து நாடெங்கும் சென்றன. ஆதலின், இங்கு நிற்கும் பழைய வண்டிகளிற் பல அயலூரிலிருந்து வந்தவை அல்ல. நம் ஊர்த் தொழிலாளரின் கைவேலையே.

உப்புக் காற்றின் செயல்

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் வேண்டும். உப்பு இவ்விரண்டின் வேலையையும் விரைவுபடுத்துகிறது. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு வண்டியின் அடிப்பாகத்திற் படிந்து, இரவின் ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். உப்புநீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துமாதலால் இரும்பு விரைந்து அரிக்கப்படும். ஆலைப் புகையிலுள்ள கந்தக வாயு ஈரத்தோடு கூடி அமிலமாவதும் இதற்குத் துணை செய்யும். துருவானது தான் தோன்றிய இரும்பினும் அதிக இடத்தைக் கொள்வது. ஆகையால் அது வர்ணத்தை உள்ளிருந்து தூக்கிக் கொப்புளமாக்கும். கொப்புளத்தின்மேல் வர்ணம் பூசுவது புண்ணை மூடி வைப்பது போன்றதே. அதனைச் சுரண்டி, நல்ல இரும்பு வெளிப்படுமளவும் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு இட்ட பின்னரே வர்ணம் பூசவேண்டும்.

வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் நல்ல தண்ணீராற் கழுவுக. இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இக்கடலோரத்தில் நிலத்தடி நீருட் கடல்நீர் கலந்துள்ள இடங்கள் பல. உப்புக்கரிக்கும் கிணற்று நீரைக்கொண்டு கழுவுவது உப்பை உப்பாலே கழுவுவதாகும். ரேடியேட்டருக்கோ அந்நீர் முற்றும் ஆகாது. வாலை வடித்த நீரும், துருத்தடுப்புக் கலவையுமே அதற்கு உகந்தவை.

கதவுகளின் அடியில் நீர் வடியும் சிறு துளைகள் உண்டு. அவற்றில் மண் அடைத்தால் மழைநீர் உள்ளே தங்கிக் கதவு அடியிலிருந்து இற்றுப்போகும். ஒரு மெல்லிய குச்சியால் அவற்றைத் திறந்து வைத்தல் செலவில்லாத வைத்தியம். வண்டியை ரப்பர் சீலையால் இறுக மூடுவதும் தவறு. கரையேறிய கட்டுமரத்தை மீனவர் கயிறு அவிழ்த்துக் காற்றில் உலர்த்துவர். வண்டிக்கும் காற்றோட்டம் வேண்டும். பருத்தித் துணியே போதும்.

நிற்கும் வண்டியின் நோய்கள்

வாரம் ஒருமுறை இரண்டு நிமிஷம் என்ஜினை ஓட்டி நிறுத்தினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். இது நன்மையினும் தீமையே செய்யும். பெட்ரோல் எரிகையில் நீராவியும் உண்டாகிறது. என்ஜின் நன்கு சூடேறாவிடில் அந்நீர் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கி அமிலத்தன்மை கொள்ளும். ஆகவே பதினைந்து நாளைக்கு ஒருமுறையேனும் அரைமணி நேரம் சாலையில் ஓட்டுக. இயலாதாயின் ஓட்டாதே விடுக. ஓட்டத்தாற் பிரேக்கும் கிளட்சும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். டயரும் ஒரே இடத்தில் நசுங்காது.

பெட்ரோலைப் பற்றி இரண்டு செய்திகள் அறியத்தக்கன. முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் அது நீக்கப்பட்டது. ஈயம் பழைய என்ஜின்களின் வால்வு அமரும் இடத்தைத் தேயாமற் காத்து வந்தது. ஆதலின் இப்பொழுது வால்வின் இடைவெளியை அடிக்கடி அளந்து பார்த்தல் வேண்டும். இரண்டாவது, இக்காலத்துப் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுப்பது. பழைய ரப்பர்க் குழாய்களை இளகச் செய்வது. எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிக்கொள்வதும், நெடுநாள் நிறுத்துமுன் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுவதும் நலம்.

பாட்டரியைக் கழற்றிப் பூட்டுவதில் மிகுந்த கவனம் வேண்டும். அக்காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பிளஸ் முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இக்கால வழக்கம் இதற்கு நேர்மாறு. இதனை அறியாது இணைப்பவர் டைனமோவுக்கும் மீட்டர்களுக்கும் கேடு விளைப்பர்.

லாரியின் தனித்தேவைகள்

டீசல் லாரிக்குப் பொறி எழுப்பும் பிளக் இல்லை; அழுத்தத்தாற் சூடேறிய காற்றிலே டீசல் பாய்ந்து தானே எரிகிறது. குழாயிற் காற்றுப் புகுந்தால் டீசல் பாயாது, என்ஜின் கிளம்பாது. இதனையே டிரைவர்கள் ‘ஏர் லாக்’ என்பர். பில்டரின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையின்றி டீசல் வருமளவும் விட்டுத் திருகை முடுக்கினால் பெரும்பாலும் குறை நீங்கும். காற்றழுத்தப் பிரேக் உடைய லாரிகளில் காற்றுத் தொட்டியின் அடியில் நீர் தேங்கும். அதனை நாள்தோறும் வடித்தல் வேண்டும். கிரீஸ் நிப்பிள்களுக்குப் பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தோன்றும்வரை கிரீஸ் செலுத்துக.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2023 டிஸம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்ப் பகுதியிற் பரவியதை நம்மவர் மறந்திரார். வெள்ளத்தில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையே அவ்வண்டிக்கு யமனாகும். காற்றைப்போல் நீர் அழுங்காது. சிலிண்டரில் நீர் நிற்கப் பிஸ்டன் மேலெழுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலிற் பாட்டரியைக் கழற்றுக. என்ஜின், கியர்ப்பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் எண்ணெயை வடித்திடுக. பாலின் நிறம் தோன்றினால் நீர் கலந்துள்ளது என்று அறிக. பிளக்குகளைக் கழற்றி, என்ஜினைக் கையாற் சுற்றி நீரை வெளியேற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விடுக. சக்கர பேரிங்குகளைத் துடைத்துப் புது கிரீஸ் இட்டு, பிரேக் எண்ணெயையும் மாற்றிய பின்னரே வண்டியை இயக்க எண்ணலாம்.

செய்யத்தகாதவை

துணிவு வேறு, துடுக்கு வேறு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் புகுதல் கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பின்னரே புகுக. பெட்ரோல் தொட்டி காலியாயினும் அதனுள் ஆவி நிற்குமாதலால், வீட்டில் அதற்குப் பற்றவைப்பு வேலை செய்யலாகாது. மூடிய கொட்டகையில் என்ஜினை ஓட்டினால் மணமற்ற நச்சுவாயு உயிரைப் போக்கும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் உண்டு. அத்தூளை வாயாலோ காற்றாலோ ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஸ்டியரிங், பிரேக் இவற்றின் பெரும்பழுதுகளும், சிலிண்டரைக் கடைந்தெடுப்பதும் தேர்ந்தவர்க்கே உரியன. கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுதல் பெரும் பிழை. அது கால்வாய் வழியே எண்ணூர்க் கழியை அடைந்து மீனையும் மீனவரையும் வருத்தும். டப்பாவிற் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு எடுப்போரிடம் கொடுத்தலே முறை.

கருவியும் குறிப்பேடும்

பழைய ஆங்கில வண்டிகளின் மரைகள் பெரும்பாலும் விட்வொர்த் முறையைச் சார்ந்தவை; இன்றைய மில்லிமீட்டர் ஸ்பானர் அவற்றிற் சரியாகப் பொருந்தாது. பொருந்தாத ஸ்பானரால் திருகினால் போல்ட்டின் முனைகள் மழுங்கும். பின்பு உளியும் சுத்தியுமே வழி. எனவே உரிய ஸ்பானர் ஒரு தொகுதி, இடைவெளி அளக்கும் தகடு, கிரீஸ் கன் ஆகியவை முதலிற் வாங்கத்தக்கன.

இவற்றினும் அருமையான கருவி ஒரு குறிப்பேடு. எந்நாளில் எவ்வெண்ணெய் மாற்றப்பட்டது, எத்துணை இடைவெளி வைக்கப்பட்டது, எந்த மரைக்கு எந்த ஸ்பானர் பொருந்திற்று என்பன எல்லாம் அதிற் பதியத்தக்கன. 2021 ஜூலையில் மத்திய அரசார் வெளியிட்ட விதிப்படி, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றமின்றிப் பேணப்பெற்ற சொந்த உபயோக வண்டிகளை ‘வி.ஏ.’ என்னும் எழுத்துள்ள தனிப்பதிவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். நாள்தோறும் ஓட்டவும் வாணிபத்துக்கும் இடமில்லை. மூலவுருவம் மாறவில்லை என்பதற்கு இத்தகைய குறிப்புகள் நல்ல துணையாகும். வாணிபத்துக்கென்றே பிறந்த லாரியோ இவ்விதியுள் எளிதில் அடங்காது. துறைமுகத்தின் சுமையையெல்லாம் தாங்கிய வண்டிக்குச் சட்டத்தின் துணை குறைவு. பேணுவோரின் அக்கறையே அதற்குத் துணை.

மாணவ நண்பர்காள்! எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்து ஓய்ந்த முதியோர் இன்னும் நம்மிடையே உளர். என்ஜினின் ஓசையைக் கேட்டே எந்த வால்வு தளர்ந்தது என்று கூறவல்லார் அவர்கள். அவ்வறிவு எந்த நூலிலும் அச்சேறவில்லை. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும். உதிரி உறுப்பு கிடைக்காவிடில் லேத்தில் கடைந்துகொள்ளலாம். கைப்பழக்கத்தைக் கடைந்தெடுக்கும் யந்திரம் எங்கும் இல்லை. ஆதலின், விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் அவர்களிடம் சென்று, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் முன்னிலையில் ஒரு திருகையேனும் நீங்களே முடுக்கிப் பாருங்கள்.