நோயுற்ற பிள்ளைக்குக் கைகொடுப்பது எப்படி?



ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் வேளையில், ஒருவர் கையில் மடித்த காகிதத்தோடு தயங்கித் தயங்கி வருகிறார். அக்காள் மகனுக்கு இரத்தப் புற்றுநோய். பிள்ளை மகரகமையில் வார்டில் இருக்கிறான். அக்காளும் அங்கேயே இருக்கிறாள். அத்தான் தோட்டத்தில் மற்றப் பிள்ளைகளோடு இருக்கிறார். ஆகவே தாய்மாமன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் வாழும் நமக்கு இது புதிய காட்சியல்ல. நாம் நூறோ ஐந்நூறோ கொடுத்துவிட்டு, பிள்ளைக்காக ஒரு செபமும் சொல்லி, லயத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.

கொடுத்தது நல்லதே. ஆனால் கொடுக்கும் முறையிலும் கேட்கும் முறையிலும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பிள்ளையின் உயிரே அவற்றில் தங்கியிருக்கக்கூடும். ஆகையால் இவ்வாரம் அதைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பிழைக்கக்கூடிய நோய்

முதலாவது, புற்றுநோய் என்றவுடன் மரணம் என்று முடிவுகட்டுவது தவறு. பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது இரத்தப் புற்றுநோய். அதில் ஒரு வகைக்கு, 1962ஆம் ஆண்டளவில் நூறு பிள்ளைகளில் நான்கு பேரே பிழைத்தனர். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்கின்றனர். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 இலட்சம் பிள்ளைகளுக்கும் இளைஞருக்கும் ஏதோ ஒரு புற்றுநோய் காண்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். செல்வந்த நாடுகளில் அவர்களுள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடக் குணமாவதில்லை.

நோயைக் காலந்தாழ்த்திக் கண்டுபிடிப்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். மருந்துத் தட்டுப்பாடு இன்னொன்று. மூன்றாவது காரணத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்: தொடங்கிய சிகிச்சையைக் குடும்பம் நடுவில் கைவிட்டுவிடுவது. மேற்சொன்ன இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை சிகிச்சை வேண்டும். முதற் சில மாதங்கள் கடுமையானவை. அதன்பின் பிள்ளை எழுந்து விளையாடத் தொடங்குவான். முடி வளரும், முகம் தெளியும். "பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது, இனி ஏன் பஸ்ஸுக்குச் செலவழித்து அலைய வேண்டும்?" என்று வீட்டில் பேச்சு எழும். அந்த நேரத்தில் கிளினிக்கை நிறுத்தினால் நோய் திரும்பி வரும். திரும்பி வந்த நோயை வெல்வது முன்னதைவிடக் கடினம்.

பணம் எதற்கு?

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். மகரகமையிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலையில் பிள்ளையைச் சேர்க்க எவரும் பணம் கட்ட வேண்டியதில்லை. அப்படியானால் காகிதத்தில் எழுதியிருக்கும் இலட்சங்கள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. பதிலையும் கேட்போம்.

மருந்தோ கருவியோ இல்லாதபோது வெளியே வாங்கவும் வெளியே பரிசோதிக்கவும் நேரிடுகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அது எவ்வளவு கொடுமையாயிருந்தது என்பதை நாடறியும். ஆயினும் தோட்டக் குடும்பத்தை மெல்ல மெல்லச் சாய்ப்பது வழிச்செலவும் இழந்த சம்பளமுமே. 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கையே வைத்துப் பார்ப்போம். தாய் ஒரு மாதம் வார்டில் இருந்தால், 25 பேர் விழவேண்டிய இடத்தில் ஒன்றும் விழாது. 33,750 ரூபா போயிற்று. தகப்பன் மாதம் இருமுறை கினிகத்தேனை, அவிசாவளை வழியாகப் பிள்ளையைப் பார்க்கப் போய்வந்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் போகும். அதில் 5,400 ரூபா போயிற்று. பஸ் கூலி, கடைச் சோறு, வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளின் சாப்பாடு எல்லாம் இதற்குமேல். இப்படி இரண்டு வருடம் தாங்க எந்த லயத்துக் குடும்பத்தால் முடியும்?

அமெரிக்காவிலே மெம்ஃபிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட புனித யூதா சிறுவர் ஆராய்ச்சி மருத்துவமனையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். லெபனானிலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த டேனி தாமஸ் என்ற நகைச்சுவை நடிகர், புனித யூதா ததேயுவிடம் வைத்த நேர்ச்சையை நிறைவேற்றப் பொதுமக்களிடம் நிதி திரட்டி நிறுவியது அது. அங்கே சிகிச்சைக்கு மட்டுமல்ல, பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் குடும்பத்தாரிடம் பணம் வாங்குவதில்லை. பஸ் கூலியும் சோறும் சிகிச்சையைச் சேர்ந்தவையே என்பதை அவர்கள் முதலிலேயே உணர்ந்திருந்தார்கள்.

ஒரே நாளில் அல்ல, மாதந்தோறும்

நமது வழக்கம் என்ன? செய்தி கேட்ட முதல் வாரத்தில் எல்லாரும் உருகிக் கொடுக்கிறோம். மூன்றாம் மாதத்தில் மறந்துவிடுகிறோம். பிள்ளைக்கோ இன்னும் இருபது மாதச் சிகிச்சை இருக்கிறது.

புனித சின்னப்பர் எருசலேம் ஏழைகளுக்காகத் தண்டல் செய்தபோது கொரிந்தியருக்கு ஒரு வழி கூறினார். தாம் வரும் நாளில் அவசரமாகச் சேர்க்காமல், வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் இயன்றதை எடுத்து வைக்கச் சொன்னார் (1 கொரி. 16). நாமும் அவ்வாறே செய்யலாம். இருநூறு குடும்பங்கள் சம்பள நாளில் நூறு ரூபா ஒதுக்கினால் மாதம் 20,000 ரூபா ஆகும். இரண்டு வருடத்தில் அது 4,80,000 ரூபா. நூறு ரூபா எந்த வீட்டையும் வறுமையில் தள்ளாது. சீட்டுப் பிடிக்கவும் மரண சகாய சங்கம் நடத்தவும் தெரிந்த நம் மக்களுக்கு இது புதிய வித்தையுமல்ல. மரணத்துக்குச் சங்கம் வைத்திருக்கும் நாம் உயிருக்கும் ஒன்று வைத்தாலென்ன?

கணக்கு அவமானமல்ல

அதே சின்னப்பர், பெருந்தொகையைக் கையாளுவதில் எவரும் குறைகூற இடம் வைக்கலாகாது என்று கருதி, தீத்துவையும் சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் கூட்டியனுப்பினார் (2 கொரி. 8). திருத்தூதருக்கே சாட்சி தேவைப்பட்டதென்றால் நமக்குத் தேவையில்லையா? பொய்க் காகிதம் காட்டிப் பணம் பறிப்பவர்கள் இருப்பதால், உண்மையான குடும்பமும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகிறது. கணக்கு அந்தக் குடும்பத்துக்கே கவசம்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை இவை. வைத்தியரின் கடிதத்தையும் கிளினிக் புத்தகத்தையும் பங்குக் குருவிடமோ தோட்டத்துப் பெரியவர்களிடமோ முதலில் காட்டுங்கள். நாலுபேர் கொண்ட குழு அமைத்து, அதில் பெண்களையும் சேருங்கள். வங்கிப் புத்தகம் இரண்டு பேர் கையொப்பத்தில் இருக்கட்டும். கொடுத்தவருக்குத் துண்டு எழுதிக் கொடுங்கள். மாத முடிவில் வரவு செலவைக் கோயில் பலகையில் ஒட்டுங்கள். மிஞ்சினால் என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். ஆனால் தாய் எத்தனை தேநீர் குடித்தாள் என்று துருவிக் கேட்பது கணக்குப் பார்ப்பதாகாது.

பிள்ளையின் மானத்தையும் காக்க வேண்டும். முடி கொட்டிய தலையும் ஊசி குத்திய கையும் தெரியும்படி படம் எடுத்து ஊரெங்கும் கைத்தொலைபேசியில் சுற்றவிடுகிறார்கள். அவன் சுகமாகி நாளை பள்ளிக்கூடம் போக வேண்டியவன். அந்தப் படம் அவனைப் பின்தொடரும்.

கடனுக்கு முன் கேளுங்கள்

தாலியை அடகு வைப்பதற்கு முன்பும் நுண்கடன்காரரிடம் கையொப்பமிடுவதற்கு முன்பும் வைத்தியரிடம் கேளுங்கள்: இந்தப் பரிசோதனை கட்டாயமா? அரசாங்க வைத்தியசாலை வேறெதிலும் செய்ய முடியாதா? கண்டியில் தொடரக்கூடிய சிகிச்சை ஏதும் உண்டா? 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியம் வறிய நோயாளருக்கு உதவுகிறது. முன்பு கொழும்புக்கே போகவேண்டியிருந்தது. 2025 முதல் பிரதேச செயலகங்களிலும் விண்ணப்பிக்கலாம். செலவழித்த பிறகல்ல, முன்னதாகவே போய் விசாரியுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த நம் இளைஞர் ஒருவர் கூடப் போனால், அது ஆயிரம் ரூபா கொடுப்பதற்குச் சமம்.

"ஒரே மாதத்தில் குணமாக்குவேன்" என்று தைலமும் சூரணமும் விற்க வருபவரிடம் ஏமாறாதீர்கள். செபம் மருந்துக்குப் பகையன்று. வைத்தியரை மதிக்கவும் மண்ணிலிருந்து கடவுள் விளைவித்த மருந்தைப் புறக்கணியாதிருக்கவும் சீராக் ஆகமம் 38ஆம் அதிகாரத்தில் போதிக்கிறது. நாட்பட்ட காய்ச்சல், காரணமின்றி வெளிறுதல், தோலில் நீலத் தழும்புகள், கட்டி, எலும்பு நோவு, காலையில் தலைவலியோடு வாந்தி, கண்மணியில் வெள்ளை ஒளி ஆகியவற்றைக் கண்டால் தோட்ட டிஸ்பென்சரி மாத்திரையோடு நின்றுவிடாமல் டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோங்கள்.

ஒரு பிள்ளையிலிருந்து பல பிள்ளைகளுக்கு

சென்னையில் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரை அவர் மறக்கவில்லை. பல ஆண்டுகள் உழைத்து, நிதி திரட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். அன்று அங்கிருந்தவை பன்னிரண்டு கட்டில்களே. நம் நாட்டிலே, மகன் புற்றுநோயுற்ற துயரிலிருந்து எழுந்த எம்.எஸ்.எச். முகம்மது என்ற தந்தை, மகரகமைக்கு நவீன ஸ்கேன் கருவி வேண்டுமென்று 2016இல் 20 கோடி ரூபா இலக்கு வைத்து மக்களிடம் கேட்டார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் கொடுத்தார்கள். 2011இல் தெற்கே தெவுந்தரவிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக நிதி சேர்த்தார்கள். நம் பங்கு அவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாதிருக்கலாம். ஒரு பிள்ளைக்குச் சேர்த்த குழுவைக் கலைக்காமல் அடுத்த பிள்ளைக்காக வைத்திருக்க முடியும்.

குணமாகாவிட்டால்?

இதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை. "இனிச் சிகிச்சை இல்லை" என்று வைத்தியர் சொல்லும் நாளில், ஊர் கொடுத்த காசுக்கு என்ன பதில் சொல்வது என்று அந்தத் தாய் குன்றிப்போகிறாள். "இவ்வளவு சேர்த்தும் வீணாய்ப் போயிற்றே" என்று எவரும் வாய்தவறியும் சொல்லலாகாது. நோவு தணிக்கும் மருந்துக்கும், தாய் வேலைக்குப் போகாமல் பிள்ளையின் பக்கத்தில் இருப்பதற்கும் செலவிட்ட பணம் வீணல்ல. அப்போதும் மாதந்தோறும் நூறு ரூபா அந்த வீட்டுக்குப் போகட்டும்.

திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டே இயேசு அவனுக்கு இரங்கினார் (மாற்கு 2). கட்டிலின் நாலு மூலையும் நாலு கையில் இருந்தன. தாய்மாமன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நிற்கிறார். மற்ற மூன்றையும் யார் பிடிப்பது?

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் தோட்டத்தில் நீண்டகால நோயுற்ற பிள்ளை யார்? கடைசியாக எப்போது அந்த வீட்டை விசாரித்தோம்?

2. சம்பள நாளில் நம் வீடு இரண்டு வருடம் தவறாமல் எவ்வளவு ஒதுக்க முடியும்?

3. அந்தப் பிள்ளையின் தம்பி தங்கைக்கு இன்று சோறு சமைத்துக் கொடுப்பது யார்?