கோலின் புட்டி வாங்கும் முன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் மாதங்களில் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைக்கு ஞாபகசக்திக்கு என்ன கொடுக்கலாம்? வல்லாரை மாத்திரை, மீன் எண்ணெய் என்று போய்க்கொண்டிருந்த பதிலில் இப்போது கோலினும் சேர்ந்திருக்கிறது. கேமரன் மலையின் கோலா தெர்லாவில் கொழுந்து பறித்தும் காய்கறித் தோட்டத்தில் மருந்தடித்தும் சேர்த்த வெள்ளி இந்தப் புட்டிகளுக்குப் போகிறது. அதற்கு முன் சில விஷயங்களைத் தெளிவாகப் பேசிவிட வேண்டும்.

நம்பிக்கை: கோலின் சாப்பிட்டால் ஞாபகம் கூடும்.

கோலின் தேவையான சத்துதான், அதில் சந்தேகமில்லை. 1998இல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம், பெண்களுக்கு 425, கர்ப்பிணிகளுக்கு 450 என்று அளவு வகுத்தது. நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலினை மூளை இதிலிருந்துதான் செய்துகொள்கிறது. ஆனால் சத்துக் குறையில்லாத பிள்ளைக்கு மேலும் கோலின் கொடுத்தால் மார்க் கூடும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. சிட்டிகோலின் என்ற வகையில் சில ஆய்வுகள் ஓரளவு பலன் காட்டியிருப்பது, ஞாபகம் குறையத் தொடங்கிய முதியவர்களிடம். அதைக் காட்டி பதினேழு வயதுப் பிள்ளைக்கு விற்பது நியாயமில்லை.

நம்பிக்கை: அசிட்டைல்கோலின் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது.

இது தவறு என்பதைக் காய்கறித் தோட்டக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் வேலை செய்வதே இந்த வழியில்தான். வேலை முடிந்த அசிட்டைல்கோலினை உடைத்து அப்புறப்படுத்தும் நொதி ஒன்று உடம்பில் இருக்கிறது. மருந்து அதை முடக்கிவிடும். அசிட்டைல்கோலின் தேங்கி, பூச்சி துடித்துச் சாகும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் மருந்தடிக்கிற மனிதருக்கும் நடப்பது அதுவே: எச்சில் ஊறும், கண்ணீர் வடியும், வயிறு கலக்கும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு முட்டும். இந்த வகையைச் சேர்ந்த குளோர்பைரிபாஸை விவசாயத்தில் பயன்படுத்த மலேசியா 2023இல் தடை விதித்தது.

மருந்தடிக்கிற அண்ணன்மார்களே, தலைவலியும் மறதியும் கவனச் சிதறலும் தொடர்ந்தால் கோலின் மாத்திரையைத் தேடாதீர்கள். தானா ராத்தா அரசு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், முடிந்தால் அந்தக் குப்பியின் லேபிளைக் காட்டுங்கள். அந்த நொதி குறைந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க முடியும்.

நம்பிக்கை: லேபிளில் 500 என்றிருந்தால் 500 மில்லிகிராம் கோலின்.

கோலின் பைடார்ட்ரேட் 500 என்றால் அதில் கோலின் சுமார் 200தான். சிட்டிகோலின் 250இல் ஏறக்குறைய 50. லெசித்தின் 1200 என்று பெரிய எழுத்தில் போட்ட உருண்டையில் ஒரு முட்டையில் இருப்பதில் பாதிகூடத் தேறாது. ஒரு பெரிய முட்டையில் சுமார் 147 மில்லிகிராம் கோலின் உண்டு, பெரும்பகுதி மஞ்சள் கருவில். வெள்ளையை மட்டும் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுக் கருவை ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சைவக்காரர்களுக்கு டெம்பே, சோயாபால், பால், உருளைக்கிழங்கு, நிலக்கடலை இருக்கின்றன. இவை ஒவ்வொன்றிலும் முட்டையைவிடக் குறைவுதான், சேர்த்துச் சாப்பிட்டால் கணக்கு ஏறும்.

நம்பிக்கை: சத்து மாத்திரைதானே, கெடுதல் இல்லை.

பெரியவர்களுக்கே நாளுக்கு 3,500 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு, பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. அளவு மீறினால் உடம்பில் மீன் வாடை அடிக்கும், வியர்க்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். ஆல்பா ஜி.பி.சி. என்ற கோலின் வகையைத் தொடர்ந்து எடுத்த ஐம்பது வயது தாண்டியவர்களிடம் பக்கவாதம் அதிகம் காணப்பட்டதாக 2021இல் வெளிவந்த கொரிய ஆய்வு சொன்னது. மாத்திரைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

நம்பிக்கை: நம்ம ஊர் தேத்தண்ணியே போதும்.

தேயிலையின் கஃபீன் கொஞ்ச நேரம் விழிப்பைத் தரும். கோலின் அதில் இல்லை என்றே சொல்லலாம். சோற்றோடு குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதும் குறையும். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். இரும்புச்சத்துக் குறைவே படிப்பில் கவனத்தைக் கெடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

இதற்குப் பிறகும் வாங்குவதென்றால், புட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சத்து மாத்திரையானால் எண் ‘என்’ எழுத்தில் முடியும். இரண்டும் இல்லாததைப் பசார் மாலாமிலோ இணையத்திலோ வாங்காதீர்கள். பிள்ளை மறக்கிறான், சோர்ந்து கிடக்கிறான் என்றால் முதலில் அரசு கிளினிக்குக்கு அழைத்துப் போய் இரும்புச்சத்தையும் பி12ஐயும் சோதிக்கச் சொல்லுங்கள். மறக்காமல், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.