அனைவரும் பார்க்கும் நிரலில் ஓட்டை எப்படி ஒளிந்திருக்கிறது?

உங்களிடம் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால், லினக்ஸ் உங்களுடனேயே பள்ளிக்கு வருகிறது. ஆண்ட்ராய்டின் அடித்தளமே லினக்ஸ்தான். வீட்டில் உள்ள பல வைஃபை ரூட்டர்களும், நீங்கள் பார்க்கும் இணையத்தளங்களை வழங்கும் கணினிகளில் பெரும்பாலானவையும் அதில்தான் இயங்குகின்றன. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ் கணினிகள்.

1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய பணி இது. லினக்ஸ் ஒரு திறந்த மூல இயங்குதளம். கடையில் வாங்கும் மசாலைத் தூளில் எதை எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. பாட்டி எழுதி வைத்த செய்முறையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றிச் சமைக்கலாம். திறந்த மூல மென்பொருள் இரண்டாவது வகை. அதன் மூல நிரல் அனைவரின் பார்வைக்கும் திறந்திருக்கும்.

இங்குதான் ஒரு கேள்வி எழுகிறது. நிரலைத் திருடனும் படிக்கலாம் என்றால், அது ஆபத்து அல்லவா? இல்லை, ஆயிரக்கணக்கானோர் படிப்பதால் பிழைகள் விரைவில் அகப்படும் என்று வேறு சிலர் கூறுகின்றனர். எது சரி? உண்மையில் நடந்த ஐந்து சம்பவங்களைப் பார்ப்போம். ஒவ்வொன்றும் அடிக்கடி காணப்படும் ஒரு வகைப் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு எடுத்துக்காட்டு.

1. வந்ததை அப்படியே நம்புதல்: ஷெல்ஷாக்

லினக்ஸ் கணினிகளில் நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரல்களில் ஒன்று பாஷ். ஒரு நிரல் மற்றொரு நிரலுக்குச் சிறு குறிப்புகளை விட்டுச்செல்வதுண்டு. அவற்றுக்குச் சூழல் மாறிகள் என்று பெயர். அந்தக் குறிப்பில் ஒரு செயற்கூறின் விளக்கம் இருந்தால், பாஷ் அதைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அத்துடன் நின்றுவிட வேண்டும். ஆனால் அது நிற்கவில்லை. விளக்கத்துக்குப் பின்னால் வேறு ஏதாவது எழுதியிருந்தால், அதையும் ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றியது.

ஒரு படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில், "குமார். பிறகு அலமாரியைத் திறந்து சாவியைக் கொடுங்கள்" என்று ஒருவர் எழுதுகிறார். அதைப் படித்த அலுவலர் உடனே எழுந்து சாவியை எடுத்துக் கொடுக்கிறார். அப்படிப்பட்ட பிழை இது. சில இணையச் சேவையகங்கள், வருகையாளரின் உலாவி தன்னைப் பற்றிக் கூறும் விவரத்தைப் பாஷுக்குக் குறிப்பாக அனுப்பிவந்தன. தாக்குபவர் அந்த விவரத்துக்குள் கட்டளையை எழுதினால் போதும், தொலைவில் இருந்தபடியே அந்தக் கணினியை இயக்கலாம்.

2014 செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷாஸெலா என்பவர் கண்டறிந்த இந்தக் குறை, 1989 முதலே பாஷில் இருந்தது. அதாவது 25 ஆண்டுகள்!

2. எல்லையைத் தாண்டி எழுதுதல்: சூடோ

கணினியில் எல்லா அதிகாரமும் கொண்ட பயனருக்கு லினக்ஸில் 'ரூட்' என்று பெயர். சாதாரணப் பயனர் ஒருவர், அனுமதிக்கப்பட்ட வேலைகளை மட்டும் ரூட்டின் அதிகாரத்தில் செய்ய உதவும் நிரல் சூடோ. அதுவே காவலாளி என்பதால், அதில் ஓட்டை இருந்தால் ஆபத்து அதிகம்.

நிரல், தான் பெறும் எழுத்துகளை வைக்க நினைவகத்தில் குறிப்பிட்ட அளவு இடம் ஒதுக்கும். அந்த இடத்துக்கு இடையகம் என்று பெயர். பத்து நாற்காலிகள் உள்ள வரிசையில் பதினைந்து பேரை உட்கார வைத்தால், மீதமுள்ள ஐவர் பக்கத்து வரிசைக்காரர்களின் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நினைவகத்திலும் அப்படித்தான். பக்கத்தில் உள்ள முக்கியத் தகவல் அழிந்து, தாக்குபவர் எழுதியது அந்த இடத்தில் வந்து அமரும்.

சூடோவில் நடந்தது இதுதான். பின்சாய்கோடு என்ற குறிக்கு, "அடுத்து வரும் எழுத்தை அப்படியே எடுத்துக்கொள்" என்று பொருள். உள்ளீட்டின் கடைசி எழுத்தாகவே பின்சாய்கோடு இருந்தால்? அடுத்து இருப்பது 'இங்கே முடிந்தது' என்று காட்டும் அடையாளம். குறிப்பிட்ட ஒரு முறையில் இயக்கியபோது, சூடோ அந்த முடிவு அடையாளத்தையும் சாதாரண எழுத்தாகக் கருதித் தாண்டிச் சென்று, எல்லைக்கு அப்பாலும் எழுதிக்கொண்டே போனது. அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் இதைக் கொண்டு ரூட் ஆகிவிட முடிந்தது.

2011 ஜூலையில் நுழைந்த பிழை இது. குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2021 ஜனவரியில் இதை வெளியிட்டார்கள். சூடோவும் லினக்ஸ் கர்னலின் பெரும்பகுதியும் 'சி' மொழியில் எழுதப்பட்டவை. ஒதுக்கிய இடத்தின் எல்லையை அந்த மொழி தானாகச் சரிபார்ப்பதில்லை. நிரலர்தான் கவனிக்க வேண்டும். இத்தகைய பிழைகளைக் குறைப்பதற்காகவே, 2022 டிசம்பரில் வெளிவந்த கர்னல் பதிப்பிலிருந்து 'ரஸ்ட்' என்ற மொழியிலும் லினக்ஸின் பகுதிகளை எழுத வழி செய்யப்பட்டது.

3. நேரப் போட்டி: டர்ட்டி கௌ

நூலகத்தில் ஒரு நூலை நீங்கள் படிக்கலாம், ஆனால் அதில் எழுதக்கூடாது. எழுத விரும்பினால் நூலகர் உங்களுக்கென ஒரு நகல் எடுத்துத் தருவார். லினக்ஸும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. 'எழுதும்போது நகலெடு' என்ற இந்த உத்தியின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'பசு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் கிடைக்கும். குறைபாட்டின் வேடிக்கையான பெயருக்கு அதுவே காரணம்.

தாக்குபவரின் நிரல் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்தது. ஒன்று, "இந்த நூலில் எழுத வேண்டும்" என்று கேட்டது. மற்றொன்று, "எனக்குக் கொடுத்த நகலைத் தூக்கி எறியுங்கள்" என்றது. நகல் எடுத்த பின், அதில் எழுதத் தொடங்கும் முன், இடையில் உள்ள நொடியின் மிகச் சிறிய பகுதியில் நகல் மறைந்துவிட்டால், கர்னல் குழம்பிப்போய் மூல நூலிலேயே எழுதிவிடும். ஆயிரக்கணக்கான முறை முயன்றால் என்றாவது ஒருமுறை நேரம் பொருந்தும். கணினிக்கு அது சில நொடி வேலைதான்.

2007 முதல் கர்னலில் இருந்த இந்தக் குறை 2016 அக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்தது. அதைத் திருத்திய டோர்வால்ட்ஸ், பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே தாம் இதைச் சரிசெய்ய முயன்றதாகவும், வேறொரு சிக்கலால் அந்தத் திருத்தம் நீக்கப்பட்டதாகவும் குறிப்பிட்டார். ஆக, பிழை இருப்பது தெரிந்தும் அது பல ஆண்டுகள் தொடர்ந்தது.

4. ஊகிக்கக்கூடிய சாவி: டெபியன்

இணையத்தில் இரகசியமாகத் தகவல் அனுப்பக் கணினி ஒரு மறைச்சாவியை உருவாக்கும். அந்தச் சாவி எவரும் ஊகிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில், 2006இல் ஒரு பராமரிப்பாளர் ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற பகுதியைச் சோதித்தார். சில வரிகளைப் பற்றிச் சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டியது. அவ்வரிகள் தேவையற்றவை போலத் தோன்றியதால் நீக்கப்பட்டன. ஆனால் சாவியில் கலக்க வேண்டிய தற்செயல் எண்கள் அந்த வரிகளின் வழியாகவே உள்ளே வந்தன.

எஞ்சியது, நிரல் இயங்கும்போது கணினி அதற்குக் கொடுக்கும் வரிசை எண் மட்டுமே. அது அதிகம் போனால் 32,768 வரை செல்லும். பயணப்பெட்டியின் நான்கு இலக்கப் பூட்டில் 10,000 எண்கள் உண்டு. உலகின் பல சேவையகங்களைக் காத்த சாவிகள், அந்தப் பூட்டைவிட மூன்று மடங்கு மட்டுமே கடினமாக இருந்தன! 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ இதைக் கண்டறிந்த பிறகு, அந்த இடைப்பட்ட காலத்தில் உருவான சாவிகளை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று.

5. நம்பிக்கையைத் திருடுதல்: எக்ஸ்இசட்

முதல் நான்கும் தெரியாமல் நேர்ந்தவை. ஐந்தாவது, திட்டமிட்டுச் செய்தது.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருள் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உண்டு. அதைப் பெரும்பாலும் ஒரே ஒரு தொண்டூழியர் கவனித்து வந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவி, நம்பிக்கையைப் பெற்றுப் பராமரிப்பாளர்களில் ஒருவரானார். 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்பில், சோதனைக் கோப்புகள் போல் தோன்றியவற்றுக்குள் இரகசியக் கதவு ஒன்றை மறைத்து வைத்தார். தொலைவிலிருந்து கணினிகளுக்குள் நுழைய அந்தக் கதவு வழி செய்தது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனப் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் வேறொரு வேலைக்காகத் தம் கணினியைச் சோதித்தபோது, உள்நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். பலர் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அவர் காரணத்தைத் தேடிச் சென்றார். 2024 மார்ச் 29ஆம் தேதி ஆதாரங்களைப் பொதுவில் வெளியிட்டார். அந்தப் பதிப்பு பெரும்பாலும் சோதனை வெளியீடுகளில் மட்டுமே சேர்ந்திருந்ததால், பேராபத்து தவிர்க்கப்பட்டது.

அப்படியானால் எது சரி?

காலக் கணக்கைப் பாருங்கள். ஷெல்ஷாக் 25 ஆண்டுகள். சூடோ ஒன்பதரை ஆண்டுகள். டர்ட்டி கௌ 9 ஆண்டுகள். டெபியன் சாவி ஏறத்தாழ 2 ஆண்டுகள். எக்ஸ்இசட் ஐந்தே வாரங்கள். நிரல் எல்லா நேரமும் திறந்துதான் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது ஒரு வாய்ப்பு. யாராவது உண்மையில் உட்கார்ந்து பார்த்தார்களா என்பது வேறு கேள்வி. மிகத் தந்திரமாக மறைக்கப்பட்ட கதவு மிக விரைவில் அகப்பட்டதற்குக் காரணம், ஒருவர் அரை நொடியைப் புறக்கணிக்காததுதான். நிரல் திறந்திருந்ததால், அவர் சொன்னதைப் பிறர் உடனே சரிபார்க்கவும் முடிந்தது.

மூடிய மென்பொருளிலும் ஓட்டைகள் உண்டு. 2017 மே மாதம் உலகெங்கும் விண்டோஸ் கணினிகளை முடக்கிய வானாகிரை அதற்குச் சான்று. அதில் மற்றொரு பாடமும் உள்ளது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள் பாதிக்கப்பட்டன.

நம் வீட்டு அலமாரி வரை

2016இல் பரவிய மிராய் என்ற தீநிரலுக்குச் சிக்கலான ஓட்டை எதுவும் தேவைப்படவில்லை. லினக்ஸில் இயங்கும் இணையக் கேமராக்களிலும் ரூட்டர்களிலும், தொழிற்சாலையில் வைத்த பெயர்களையும் கடவுச்சொற்களையும் சுமார் 60 இணைகளாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக முயன்றது. பலர் அவற்றை மாற்றவே இல்லை. அப்படிப் பிடித்த கருவிகளை ஒன்றுசேர்த்து, பெரிய இணையச் சேவைகளையே திணறடித்தார்கள்.

சிங்கப்பூரில் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் கருவிகளுக்கான பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலைக்கே, எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் வைக்கக்கூடாது, புதுப்பிப்புகள் வழங்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இங்கு விற்கப்படும் வைஃபை ரூட்டர்களுக்கு இது கட்டாயம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• கைப்பேசியும் கணினியும் புதுப்பிப்பு வந்திருப்பதாகக் கூறினால் தள்ளிப்போடாதீர்கள். ஓட்டை அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து தாக்குபவர்களுக்கும் அது தெரியும்.
• வீட்டு ரூட்டரின் கடவுச்சொல் மாற்றப்பட்டுள்ளதா என்று பெற்றோருடன் சேர்ந்து பாருங்கள்.
• பைத்தான் நிரல் எழுதும்போது, பயனர் தவறாகத் தட்டச்சு செய்தால் என்ன நடக்கும் என்று சோதியுங்கள். பெயர் கேட்டால் எண் கொடுங்கள். எதுவும் கொடுக்காமலும் பாருங்கள்.
• சோதனையை உங்கள் சொந்தக் கணினியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது சிங்கப்பூரில் குற்றம்.

அருஞ்சொற்கள்

மூல நிரல்: நிரலர் எழுதிய வடிவில் உள்ள கட்டளைத் தொகுப்பு.
கர்னல்: வன்பொருளையும் பிற நிரல்களையும் இணைக்கும் இயங்குதளத்தின் மையப் பகுதி.
இடையகம்: தகவலைத் தற்காலிகமாக வைக்க நினைவகத்தில் ஒதுக்கும் இடம்.
சூழல் மாறி: ஒரு நிரல் மற்றொரு நிரலுக்கு விட்டுச்செல்லும் குறிப்பு.

சிந்தித்துப் பாருங்கள்

1. ஐந்து சம்பவங்களில் எதை நிரலைப் படித்தே கண்டுபிடித்திருக்கலாம்? எதற்கு நிரலை இயக்கிப் பார்ப்பது தேவைப்பட்டது?
2. உலகமே பயன்படுத்தும் ஒரு மென்பொருளை ஒரே தொண்டூழியர் பராமரிக்கிறார். அவருக்கு உதவும் பொறுப்பு யாருடையது? வகுப்பில் விவாதியுங்கள்.