நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயது. திருவொற்றியூரில் இருக்கிறோம். முதல் கர்ப்பம். 13-வது வார ஸ்கேனில் இரட்டை என்றார்கள். வீட்டில் சந்தோஷம்தான், ஆனால் ஆளுக்கொரு பேச்சு. "படுத்தே இரு" என்கிறார் மாமியார். "இரட்டைன்னா ஆபரேஷன்தான்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மீன் சாப்பிடலாமா என்பதிலும் வாக்குவாதம். கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ராத்திரியில் வலி வந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை.
- ஒரு வாசகி

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 'டிசிடிஏ' அல்லது 'எம்சிடிஏ' என்று நான்கெழுத்து இருக்கும். முதலாவது என்றால் குழந்தைக்கு ஒரு நஞ்சுக்கொடி. இரண்டாவது என்றால் இருவருக்கும் சேர்த்து ஒன்றே. இரு பைகளுக்கு நடுவிலுள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடம் ஆப்பு வைத்தாற்போல் தடித்திருக்கிறதா, நூலாக மெலிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்வோம். 11 முதல் 14 வாரத்துக்குள் அது தெளிவாகத் தெரியும், பிறகு கஷ்டம். ரிப்போர்ட்டில் எழுதியிராவிட்டால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே நஞ்சுக்கொடியில் இருவரின் ரத்தக் குழாய்களும் இணைந்திருக்கும். நூறில் பத்துப் பதினைந்து கர்ப்பங்களில் ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்கு அதிகமாகப் போய்விடும். ஒருத்தருக்குப் பனிக்குட நீர் வற்றும், இன்னொருத்தருக்குப் பெருகும். நேரத்தில் கண்டால் லேசர் சிகிச்சை உண்டு. அதனால்தான் 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் பெரும்பாலும் மாதம் ஒன்று போதும். நாலைந்து நாளில் வயிறு திடீரென்று பெருத்து இறுகினால் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

மாமியார் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் படுத்தே கிடப்பதால் குறைப்பிரசவம் தள்ளிப்போகும் என்பதற்கு ஆதாரமில்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். நடங்கள், சமையுங்கள். தண்ணீர் லாரி வந்தால் குடம் தூக்குவதை மட்டும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

ஆபரேஷன் கட்டாயமில்லை. முதல் குழந்தை தலை கீழாக இருந்து வேறு சிக்கலும் இல்லையென்றால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். அப்படிப்பட்ட தாய்மாரிடம் பல நாடுகளில் நடத்தி 2013-ல் வெளியான பெரிய ஆய்வு, முன்கூட்டியே சிசேரியன் செய்ததால் குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை இல்லை என்றே காட்டியது. ஆனால் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் பச்சிளம் குழந்தைப் பிரிவும் உள்ள இடத்தில்தான் பிரசவம் நடக்க வேண்டும். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள்.

மீன் தாராளமாகச் சாப்பிடுங்கள். காசிமேட்டில் கிடைக்கும் சங்கரா, நெத்திலி, மத்தி எல்லாம் நல்லது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுப்பது நம் வழக்கம், ஆனால் சுறாவில் பாதரசம் அதிகம், இப்போது வேண்டாம். இறால், நண்டு வாங்கினால் கடலா, ஆறா என்று கேளுங்கள். ஆலைக் கழிவும் அனல்மின் சாம்பலும் கலக்கும் எண்ணூர் கழிமுகத்தில், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் வந்து படிந்தது. அங்கே பிடித்ததைத் தவிர்ப்பதே என் ஆலோசனை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள்.

இனி அந்த ராத்திரி. இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், இப்போதே போய்ப் பதிந்து இரட்டை என்று சொல்லிவையுங்கள். செக்கப்புக்கு மெட்ரோவில் போகலாம், வலி நேரத்துக்கு 108. 'வலி நல்லா வரட்டும்' என்று மட்டும் இருக்காதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசை எப்போது நகரும் என்று உங்கள் கணவருக்கே தெரியாது. 34 வாரத்துக்கு முன் வலி வந்தால், குழந்தைகளின் நுரையீரலுக்காக ஒரு ஊசி போடுவோம். அது முழுதாக வேலை செய்ய ஒரு நாள் வேண்டும். நீங்கள் சீக்கிரம் வரும் ஒவ்வொரு மணியும் அவர்கள் மூச்சுக்கு உதவும். நீர் கசிவு, ரத்தம், விட்டுவிட்டு இறுகும் வயிறு, பார்வை மங்கும் தலைவலி, அசைவு குறைவது, எதுவானாலும் கிளம்பிவிடுங்கள்.

28-வது வாரத்திலிருந்து கணவர் உள்ளூர் டிரிப்பாகக் கேட்டு வாங்கட்டும். கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண், ரத்த வகை, ஸ்கேன் எல்லாம் ஒரே ஃபைலில் போட்டு, அது இருக்கும் இடத்தைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் காட்டி வையுங்கள்.