பி.எம்.ஐ. நார்மல்... ஆனா தொப்பை?



போன செமஸ்டர்ல நம்ம ஹாஸ்டலில் மெடிக்கல் கேம்ப் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? எடை, உயரம் பார்த்து, ஒரு சீட்டில் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தாங்க. என் ரூம்ல இருக்கிற ரெண்டு பேரோட சீட்டுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஒருத்தன் கபடி டீம். உயரம் 172 செ.மீ., எடை 78 கிலோ. சீட்டில் 26.4, பக்கத்தில் 'அதிக எடை'. அன்னிக்கு ராத்திரியிலிருந்து மெஸ் பக்கமே வரல.

இன்னொருத்தன் 168 செ.மீ., 64 கிலோ. அவனுக்கு 22.7, 'நார்மல்'. "பாத்தியா மச்சான், நான் ஃபிட்டு!"ன்னு சொல்லிட்டு ரெண்டு பரோட்டா கூடுதலா அடிச்சான்.

ரெண்டு பேருமே அந்த நம்பரைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க.

நம்பர் எப்படி வருது?

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. கபடி நண்பனுக்கு: 78 ÷ (1.72 × 1.72) = 26.4. அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 18.5-க்குக் கீழே குறைந்த எடை, 25 முதல் அதிக எடை, 30 முதல் உடல் பருமன்.

யார் கண்டுபிடிச்சது?

டாக்டர் இல்லைங்க! அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியம் நாட்டு வானியல், புள்ளியியல் அறிஞர். 1830-களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தவர். வளர்ந்த மனிதர்களின் எடை, ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதைக் கவனித்தார்.

"உடம்பு முப்பரிமாணமாச்சே, கனம்தானே வரணும்?"னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உயரமானவர்கள் அதே விகிதத்தில் அகலமாவதில்லை. அதனால் வர்க்கம் சராசரியாக ஒத்துவந்தது. நம்ம பாஷையில் சொன்னா, இது இயற்பியல் விதி இல்லை. டேட்டாவுக்குப் பொருத்திய ஒரு கோடு.

1972-ல் அமெரிக்க விஞ்ஞானி ஆன்சல் கீஸும் குழுவினரும், பல நாட்டு ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டு, இதற்கு 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய மக்கள் கூட்டத்தை ஆராய எளிமையான வழி. ஊசி வேண்டாம், மெஷின் வேண்டாம். எடைக்கருவியும் டேப்பும் போதும். இன்னிக்கும் அது நிலைச்சு நிக்கக் காரணம் இதுதான்.

எங்கே இடிக்குது?

சூத்திரத்தில் எடை இருக்கு. எடை எதனால் ஆனது என்பது இல்லை. தசையா, கொழுப்பா, எலும்பா? தெரியாது. கொழுப்பு உடம்பில் எங்கே இருக்கு? அதுவும் தெரியாது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் கூடுதலாக வழிவிடுகிறது.

இதற்கு ஒரு அருமையான உதாரணம் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின், ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! 2004-ல் 'லான்செட்' இதழில் இதைத் தங்கள் படத்தோடே வெளியிட்டார்கள். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குப் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகம் இருக்கலாம். அதனால்தான் இந்திய மருத்துவர்கள் நமக்கு எல்லையைக் குறைத்தார்கள்: 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல் பருமன்.

இந்தக் கணக்கில் நம்ம கபடி வீரன் 'உடல் பருமன்' ஆயிடுவான்! அவனோட இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. மட்டுமே. 'நார்மல்' நண்பனுக்கு 91.

அப்போ என்ன செய்யலாம்?

பி.எம்.ஐ.-யைத் தூக்கிப் போட வேண்டாம். 30-ஐத் தாண்டின பெரும்பாலானவர்களுக்கு அது தசை இல்லை, கொழுப்புதான். ஆனால் கூடவே இன்னொரு அளவும் எடுங்க.

1. நேராக நின்று, மூச்சைச் சாதாரணமாக வெளியே விடுங்க. வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது!
2. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்க.
3. இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினால் கவனம் தேவை.

டேப் இல்லையா? உங்க உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி ரெண்டாக மடிங்க. அது இடுப்பைச் சுற்றி வரணும். வரலைன்னா யோசிக்கணும்.

கபடி நண்பன் ரெண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டு, பிராக்டிஸ்ல தலைசுத்தி விழுந்தான். பி.டி. சார் திட்டின பிறகுதான் மெஸ்ஸுக்கு வந்தான். இன்னொருத்தனோட அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு. லீவுக்குப் போனப்போ நாங்க வற்புறுத்தியதால் அவனும் டெஸ்ட் பண்ணினான். வெறும் வயிற்றில் 112. 100-க்குக் கீழே இருக்கணும். சர்க்கரை நோய் இன்னும் வரல, வாசல்ல நிக்குது. இப்போ தினமும் சாயங்காலம் கிரவுண்டை நாலு ரவுண்டு சுத்துறான், கபடி நண்பன் கூடவே!

சென்சார் ஒண்ணு காட்டும் ரீடிங்கை மட்டும் நம்பி நாம எந்த மெஷினுக்கும் தீர்ப்பு எழுத மாட்டோம். நம்ம உடம்புக்கு மட்டும் ஏன் எழுதணும்? இன்னிக்கே ஒரு கயிறு எடுங்க நண்பர்களே!