மூக்குக்கும் ஒரு பாடம்

முன்பள்ளிகளில் ஐம்புலன்களைப் படமாக வரையும்போது கண்ணுக்கு வானவில்லும் காதுக்கு மணியும் கிடைக்கும். மூக்குக்கு ஒரு ரோஜாப்பூ. அத்தோடு மூக்கின் பாடம் முடிந்துவிடும். நான்கு வயதுப் பிள்ளையிடம் நிறங்களைக் கேட்டால் பத்துப் பெயர் சொல்லும். மணங்களைக் கேட்டால் “நல்ல மணம்”, “கூடாத மணம்” இரண்டுதான். பெரியவர்களான நாமும் எல்லாவற்றுக்கும் “மணக்குது” என்றுதானே சொல்கிறோம்! புளித்தது, ஊசியது, கருகியது, மீன் வெடுக்கு, மண்ணெண்ணெய் நெடி என்று தமிழில் சொற்களுக்கா பஞ்சம்?

நான்கு வயதான என் தம்பிக்கு நான் இதை விளையாட்டாகவே தொடங்கினேன். வெறும் யோகட் கோப்பைகளில் கறுவா, கராம்பு, ஏலக்காய், ரம்பை, தேசிக்காய்த் தோல் ஆகியவற்றைப் போட்டு மெல்லிய துணியால் மூடினேன். ஐந்துக்கு மேல் வேண்டாம், மூக்கு களைத்துவிடும். ஏலக்காயை முகர்ந்த தம்பி “பெருநாள்” என்றான். நான் திருத்தவில்லை. உயிரியல் பாடத்தில் படித்ததற்கு அது நல்ல உதாரணம். மூக்கின் மேற்பகுதியில் ஏறத்தாழ 400 வகை மணவாங்கிகள் உள்ளன. அங்கிருந்து செல்லும் கணத்தாக்கங்கள் மூளையில் நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளை வெகு விரைவில் அடைகின்றன. இவ்வாங்கிகளைப் பற்றிய ஆய்வுக்காகவே லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. “பெருநாள்” என்ற பிறகு “அதற்குப் பெயர் ஏலக்காய்” என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

இன்னொன்று: ஆறிய கறுவாத் தேநீரை மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு குடிக்கச் சொல்லுங்கள். இனிப்பு மட்டுமே தெரியும். கையை எடுத்ததும் கறுவா வந்துவிடும். தடிமன் பிடித்த பிள்ளை சாப்பாட்டில் ருசியில்லை என்று சொல்வது பொய்யல்ல என்பது அப்போது உம்மாமாருக்கும் விளங்கும்.

இனி ரோஜாப்பூவுக்குள் அடங்காத மணங்கள். சமையல் வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரியட்டும் என்றே எதைல் மேர்கப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அவ்வாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு பரவும். தரையில் விளையாடும் பிள்ளையின் மூக்கு நம்முடையதைவிட அதற்குக் கிட்ட இருக்கிறது. சிலிண்டர் மாற்றும்போது இலேசாக வரும் மணத்தை, பிள்ளையைக் குசினி வாசலில் நிறுத்தி, “இதுதான் காஸ் மணம். வந்தால் சுவிட்சைத் தொடாதே, ஓடி வந்து சொல்” என்று பழக்கலாம். ஜன்னல் திறப்பது நம் வேலை.

ஆனால் போத்தல்களைத் திறந்து முகரப் பழக்கவே கூடாது. ஆய்வுகூடத்தில் நாங்கள்கூடப் போத்தலை மூக்கருகே கொண்டுபோவதில்லை. கையால் விசிறித்தான் முகர்வோம். குளிர்பானப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றிவைக்கும் வழக்கத்தைப் பெரியவர்கள்தான் விட வேண்டும். அந்தப் பொறுப்பைப் பிள்ளையின் மூக்கின்மேல் சுமத்த முடியாது.

எங்கள் உம்மம்மாவுக்கு 2021இல் கொரோனா வந்தபோது மணம் தெரியாமல் போனது. இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. இப்போதெல்லாம் மிச்சக் கறியைச் சூடாக்குமுன் தம்பியைத்தான் கூப்பிடுகிறார். போன கிழமை தேங்காய்ப்பால் கறிச் சட்டியைத் திறந்து காட்டினார். முன்பென்றால் “சீ” என்றிருப்பான். அன்று “புளிச்ச மணம், உம்மம்மா” என்றான். அவர் கறியைக் கொட்டிவிட்டு இரண்டு முட்டை பொரித்தார்.