பங்குனி வெயிலில் சென்னைப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம்?

முதலிடம் பெசன்ட் நகர் கடற்கரைக்கே. சித்தாமைகள் கரையேறி இடும் முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். மார்ச், ஏப்ரல் மாலைகளில் அவற்றைக் கடலில் விடுவதை அவசியம் காட்டுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு அலையை நோக்கி ஊர்வதை எந்தக் குழந்தையும் மறக்காது. தினமும் குஞ்சு பொரிக்கும் என்று சொல்ல முடியாது. அன்று மதியமே வனத்துறையிடமோ ஆமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்களிடமோ கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். குஞ்சுகளைத் தொடக் கூடாது, செல்போன் விளக்கு அடிக்கக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். வெளிச்சம் அவற்றைத் திசைமாற்றிவிடும்.

மயிலை கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில், கைக்குழந்தையோடு அறுபத்துமூவர் வீதியுலா நெரிசலுக்குள் போக வேண்டாம். மூன்றாம் நாள் விடியற்காலை அதிகார நந்தி புறப்பாடு நல்லது, வெயிலும் ஏறியிருக்காது. பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் செல்போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

நண்பகலில் வெளியே சுற்றாதீர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் உட்கார்ந்து படம் பார்த்துக் கதை படிக்கலாம். கிண்டி சிறுவர் பூங்கா, வண்டலூர் உயிரியல் பூங்கா இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை.

உங்கள் பேட்டையில் நடப்பவை கோயில் வாசல் சுவரொட்டியிலும் கிளை நூலக அறிவிப்புப் பலகையிலும் முன்கூட்டியே தெரியும். பள்ளி வாசலில் காத்திருக்கும் மற்ற பெற்றோரிடமும் விசாரியுங்கள்.